எடுத்துடுங்க

ஒரு முனையை மட்டும் தூக்காதீங்க, பலகை சறுக்கும் என்று தம்பி சொல்லி வாய் மூடவில்லை, பலகை சறுக்கியது. என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு இழுத்துவிட்டு நின்றது. தம்பியும், மாடிவீட்டுக்காரரும், எதிர்வீட்டு டிரைவரும் மூச்சு வாங்க அதையே பார்த்தார்கள். அவள் துடைப்பத்தோடு அடுப்படி வாசலில் நின்றாள். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புருஷனைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் கூடத்தைக் காலி பண்ணியாக வேண்டும். வீட்டில் இருப்பதே ஒரு கூடம். அதன் நடுவில் பதினாலு மாதமாக இந்த இரும்பு உட்கார்ந்திருக்கிறது.

அது ஒரு பாய்மரப் படகின் என்ஜின். பாய் இருக்கிற படகுக்கு என்ஜின் எதற்கு என்று அவரைக் கேட்காத ஆளில்லை. அவரும் அலுக்காமல் பதில் சொல்வார். காத்து என்ன நம்ம வீட்டு வேலைக்காரனா, கூப்பிட்டதும் வந்து நிற்க? நட்டநடுவில் காற்று விழுந்துவிட்டால் வீடு வந்து சேர வேண்டாமா? துறைக்குள் நுழையும்போது நாலு படகு மேல் மோதாமல் ஒதுங்கி நிற்க வேண்டாமா? இவ்வளவும் சொல்லிவிட்டு, "பாய் கௌரவத்துக்கு, என்ஜின் காரியத்துக்கு" என்று முடிப்பார்.

காரியத்துக்கு இருந்தது போன வருஷம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வெள்ளையாகப் புகை விட்டது. பட்டறையில் வைத்தால் ஆகாது, நானே வீட்டில் பிரித்துப் பார்க்கிறேன், ரெண்டே வாரம் என்று சொல்லிக் கொண்டுவந்தார். எந்த ரெண்டு வாரம் என்று அவளும் பிறகு கேட்கவில்லை. மாடிவீட்டம்மாதான் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். கூடத்தின் நடுவில் கால் பரப்பி உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வேளாவேளைக்குத் துடைத்துவிடச் சொல்லும் ஜீவன் வேறென்ன? பொண்ணு கல்யாணம் வேண்டாம்னா என்ன, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாச்சே என்று அந்தம்மா சொல்லும்போது அவரும்தான் சிரிப்பார்.

இப்போது மாப்பிள்ளையைப் பழைய கம்பளியில் ஏற்றி, மூன்று பேரும் அங்குலம் அங்குலமாக அடுப்படிப் பக்கத்து நடைக்கு இழுத்துப்போனார்கள். இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை ஒரு படுக்கைப்பாய் அளவுக்குத் தெரிந்தது. அவள் சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்தாள். போகவில்லை. இரண்டாவது முறை தேய்த்தாள். நேற்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை, அழுகையும் வரவில்லை, முதுகு மட்டும் விட்டுவிட்டு வலித்தது.

"விடுக்கா, மேல துணி விரிச்சுக்கலாம்" என்றான் தம்பி. அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறான். படகில் பாதிப் பங்கு அவனுடையது.

அந்தப் படகுக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளை யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் பதில் உண்டு. அவர் லிஃப்ட் மெக்கானிக். படகுத்துறையில் எல்லோரும் 'லிஃப்ட்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம், உயரமான கட்டடங்களின் நடுவில் இருக்கும் இருட்டுக் கிணற்றுக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறி இறங்கிய மனுஷன். ஓய்வு பெற்ற மறு மாதமே, மைத்துனனைச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய படகை வாங்கினார். கொஞ்சம் ஆகாசத்தைப் பார்க்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் ஒரே ஒரு தடவைதான் அதில் ஏறினாள். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டு, இனிமேல் நீங்களாச்சு உங்க ஆகாசமாச்சு என்று இறங்கினவள்தான்.

பதினாலு மாதமும் மாமனும் மைத்துனனும் அரைத்த மாவையே அரைத்தார்கள். பழசைச் சரி பண்ணுவதா, புதுசு போடுவதா? இது இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம் என்பார் அவர். உப்பு தின்ன இரும்பு மாமா, தட்டினா உதிருது என்பான் தம்பி. கேஸ்கட் மாற்றினார், பிஸ்டன் ரிங் மாற்றினார், தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துரு அடைத்திருந்ததைக் கம்பி விட்டுக் குடைந்தார். ஒன்றைச் சரி பண்ணினால் அது இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் தம்பி, புதுசு போட்டால் இருபது வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றான். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அறுபத்தேழு நடக்குதுடா" என்றார்.

அவள் தையல்காரி. துணி நைந்துபோனால் எந்தத் தையலும் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். முதல் வாரமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்போது கேட்கவில்லை; பிறகு கேட்டார். தினமும் கேட்டார். காலையில் ஒருமுறை, சாப்பிடும்போது ஒருமுறை. அதனாலேயே அவள் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.

பத்தேகாலுக்கு வண்டி வந்தது. கூடத்தில் அவரைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது; அதைத் தள்ளி வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அது இருக்கட்டும் என்றாள். அவருடைய வலதுகை நகக்கண்களில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ துடைத்திருப்பார்கள். ஒரு குண்டூசியை வைத்து அதைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று அவளுக்குக் கை பரபரத்தது. ஆட்கள் இருந்ததால் சும்மா இருந்தாள்.

குண்டூசி என்றதும் நேற்றுக் காலை அப்படியே வந்து நின்றது.

நேற்று ஒன்பது மணிக்கு அவள் வாயில் நாலு குண்டூசி இருந்தது. பள்ளிக்கூடத்துக் கால்சட்டை பதினொன்று, கீழ் மடிப்பு அடித்து மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஜன்னலை மறைத்துக்கொண்டு என்ஜின் உட்கார்ந்திருந்ததால், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். டீசல் நாற்றம் புதுத் துணியில் ஏறிவிடுமே என்ற கவலை வேறு. அவர் கையில் எதையோ வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். என்னவோ கேட்டார். மெஷின் சத்தத்தில் அரையும் குறையுமாக விழுந்தது. விழாவிட்டால் என்ன, பதினாலு மாதமாகக் கேட்கிற கேள்விதானே. அவள் நிமிரவில்லை. குண்டூசிகளுக்கு நடுவே ஒரே வார்த்தை சொன்னாள்.

"எடுத்துடுங்க."

அவர் நகரவில்லை. நிஜமாகவா சொல்கிறாய் என்று கேட்டார். இது நன்றாகவே காதில் விழுந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊசியைத் துப்பாமலே, "இன்னைக்கே எடுத்துடுங்க" என்றாள்.

இந்தச் சனியனை இன்றைக்கே வீட்டைவிட்டுத் தூக்குங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். முடிந்தால் நீங்களும் அதோடு போங்கள் என்றும் ஒரு ஓரத்தில் இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்வானேன்.

சரி என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பன்னிரண்டு மணிக்கு அவள் கால்சட்டைகளைக் கொடுக்கப் போகும்வரை திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு துறைப்பக்கம் போயிருப்பார், பசித்தால் வருவார் என்று நினைத்தாள். ஒரு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது, அவர் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். என்ஜினைச் சுற்றிப் புதுக்கயிறு இரண்டு வரிசை இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றின் நுனி அவர் கையில் இருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். ரொம்ப நாளாகவே உள்ளுக்குள் இருந்திருக்கும், படுக்கையில் படுத்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். நல்ல மனுஷர், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கயிற்றைப் பார்த்தவள் அவளல்லவா? நூற்றிருபது கிலோ இரும்பை அறுபத்தேழு வயசில் ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்திருக்கிறார். இன்றைக்கே என்று இவள் சொன்னதற்காக. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது, வேறென்ன.

யாருக்கும் அது தெரியாது. ஆனால் கேள்வி மட்டும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வந்தவர்களெல்லாம் நடையில் கயிறோடு இருக்கும் என்ஜினை எட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தூக்கப் போய்த்தானா என்று மெதுவாகக் கேட்டார்கள். தம்பிக்கு அது தாங்கவே இல்லை.

"பதினாலு மாசம் கெடந்தது, இன்னும் ரெண்டு நாள் கெடக்கக் கூடாதா? எனக்கு ஒரு போன் போட்டா ஓடி வந்திருப்பேன்ல. யாரு இவரை அவசரப்படுத்தினது?"

அவன் பொதுவாகத்தான் கேட்டான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், நிரம்பியிருந்த தொட்டியில் மறுபடியும் தண்ணீர் பிடித்தாள்.

பதினொரு மணி வாக்கில் அவருடைய போன் அடித்தது. தம்பி எடுத்தான். படகுப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர், கிரேன்காரர் என்பார்கள். லிஃப்ட்காரருக்கும் அவருக்கும் எடையைத் தூக்கி இறக்குகிற தொழில் என்பதால் ஓர் ஒட்டு. தம்பி பேசியது அவளுக்குக் கேட்டது. ஆமா, மச்சான்தான் பேசறேன் என்றான். பிறகு, நாலு மணிக்கு எடுக்கிறோம் என்றான். தூக்க ஆள் இருக்காங்க, நீங்க வந்தாப் போதும் என்று சொல்லி வைத்துவிட்டான். எத்தனை மணிக்கு எடுக்கறதுன்னு கேட்டார், விஷயம் அங்கேயும் தெரிஞ்சிருக்கு என்று அக்காவிடம் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

நாலு மணி என்று வைத்தது மகளுக்காக. வேறு ஊரில் வேலை. ரயில் மூன்றுக்குத்தான் வரும். வந்தாள். தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்காமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். அவளுக்கு எல்லாமே அப்பா மாதிரி. அழுகைகூட அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல். அழுது முடித்து, முகம் கழுவ எழுந்து நடைக்குள் போனவள் என்ஜின் முன்னால் நின்றுவிட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

கயிற்று முடிச்சை விரலால் தடவிக்கொண்டே மகள் கேட்டாள். "அப்பா இப்படி அவசரப்பட்டு எதுவுமே செய்ய மாட்டாரேம்மா. ஒரு பல்பு மாத்தவே ரெண்டு நாள் யோசிப்பாரு. நேத்து என்ன நடந்தது?"

பெற்ற பெண்ணிடம் மறைத்து யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம்தான் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது? சொல்லிவிட்டால் இவள் இனி நம்மோடு பேசாமல் போகலாம். போனால் போகட்டும், அதுவும் சேர்ந்தே வரட்டும்.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

அவள் வாயைத் திறக்கும்போது, வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக வருகிற சத்தமும், வா வா வா என்று யாரோ கை தட்டுகிற சத்தமும் கேட்டன. எடுத்துப்போகிற வண்டி ஏற்கெனவே தெருமுனையில் வந்து நிற்கிறதே, இது எது என்று இருவரும் கூடத்துக்கு வந்தார்கள்.

கிரேன்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, முழங்கால்வரை மடித்துவிட்ட கால்சட்டை. தோளில் இரும்புச் சங்கிலியும் கப்பியும் தொங்கின. வெயிலிலிருந்து வந்ததால் கண் தெரியாமல், "எங்க மச்சான், மாப்பிள்ளை ரெடியா? அண்ணன் எங்க?" என்று சிரித்துக்கொண்டே ரெண்டு எட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தார். அதற்கும் பிறகுதான் கீழே பார்த்தார்.

சங்கிலி தோளிலிருந்து சரசரவென்று இறங்கித் தரையில் விழுந்தது.

அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. போனில் எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று அவர் கேட்டது என்ஜினை. நாலு மணிக்கு என்று தம்பி சொன்னது அவரை. தூக்க ஆள் இருக்கிறது என்றதும், நல்லதாப் போச்சு என்று இவர் லாரியோடு கிளம்பி வந்துவிட்டார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கிரேன்காரர் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, நேத்துப் பார்த்தேனே, நேத்துக் காலையில பார்த்தேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மாடிவீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "இருங்க. என்ஜினை எதுக்கு எடுக்க வந்தீங்க? அவர் இதைக் குடுக்கறேன்னு சொல்லவே மாட்டாரே."

கிரேன்காரர் தண்ணீரைக் குடித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நேற்றுக் காலை பத்து மணிக்கு லிஃப்ட்காரர் பட்டறைக்கு வந்தாராம். வந்ததும் வராததுமாக, புது என்ஜினே எடுத்துடலாம், பழசை நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போயிடு என்றாராம். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்ன திடீரென்று என்று கேட்டிருக்கிறார்.

"வீட்டுல சொல்லிட்டாங்கன்னார். பழசையே பார்த்துக்கலாமா, புதுசா எடுத்துடலாமான்னு கேட்டாராம். எடுத்துடுங்கன்னுட்டாங்களாம். நம்ப முடியாம இன்னொரு தடவை கேட்டாராம். இன்னைக்கே எடுத்துடுங்கன்னு சொன்னாங்களாம்."

கூடத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் மெஷின் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். புதுசா எடுத்துடலாமா என்றா கேட்டார்? அந்தப் பாதிதான் மெஷின் சத்தத்தில் போனதா? துணி எடுப்பது, வண்டி எடுப்பது என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அவளே சொல்கிற சொல்தான்.

கிரேன்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பட்டறையில் இருந்த ஏழு பேருக்கும் லிஃப்ட்காரர் டீ வாங்கிக் கொடுத்தாராம். அந்த மனுஷன் ஒருத்தருக்கு வாங்கிக் கொடுத்தே யாரும் பார்த்ததில்லை. குடோனில் புது என்ஜின் ஒன்று பெட்டியில் இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்பத்தான் அண்ணி, அண்ணன் ஒண்ணு சொன்னார். இது இருபது வருஷம் ஓடும்பா, அது அவளுக்கும் தெரியும், தெரிஞ்சும் எடுங்கறா. நான் இன்னும் இருபது வருஷம் இருப்பேன்னு நினைச்சிட்டிருக்கா பாருன்னார். சொல்லிட்டுச் சிரிக்கிறார், சிரிக்கிறார், அப்படிச் சிரிக்கிறார்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி அவர் தோளைத் தொட்டபோது, இன்னும் பெரிதாக அழுதார்.

"கயிறு நான்தான் கட்டச் சொன்னேன். கட்டி மட்டும் வைங்கண்ணே, தூக்கறது நாளைக்கு நான் வந்து தூக்கறேன்னேன். புதுக்கயிறு நான்தான் குடுத்தேன். இறுக்கிக் கட்டுங்கன்னு வேற சொன்னேன். அதுல தம் கட்டி இழுத்துத்தானே அண்ணி இப்படி ஆயிடுச்சு? நான் சொல்லாம இருந்திருந்தா…"

அவள் அவருக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"கயிறு கட்டினதால யாருக்கும் உசிர் போகாது" என்றாள். "டாக்டர் சொன்னார். ரொம்ப நாளா இருந்திருக்கு. படுத்திருந்தாலும் போயிருக்கும்னார்."

நேற்று டாக்டர் சொன்னபோது அவள் நம்பாத வார்த்தைகள்தான். இப்போது தன் குரலிலேயே கேட்டபோது, பொய் என்று தோன்றவில்லை. கிரேன்காரர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் இன்னொரு முறையும் சொன்னாள்.

தம்பி அக்காவிடம் குனிந்தான். பதினாலு மாதமாக அவன் தொண்டை கிழியக் கத்தினது இது ஒன்றுக்குத்தான். "நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா" என்றான். அவன் குரலில் குறையில்லை, ஆச்சரியம்தான்.

மகள் நடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இதைத்தான் சொன்னியாம்மா?"

அவளுக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் தப்பான பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டவள்போல் கூசியது. இல்லை, நான் சொன்னது அது இல்லை என்று இப்போது சொன்னால், அந்த ஒரு மணி நேரத்தை ஸ்டூலோடு அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதாகும். கீழே கிடக்கிற மனுஷனுக்கு அது கேட்காது என்று என்ன நிச்சயம்?

"ஆமா" என்றாள். "புதுசா எடுக்கச் சொன்னேன்."

நாலு மணிக்கு எடுத்தார்கள். கிரேன்காரர், நானும் தோள் குடுக்கறேன் அண்ணி என்று முன்னால் வந்தார். வாசற்படியில் மூன்று படி, அதற்கப்புறம் குறுகலான திருப்பம். தூக்கிய மற்றவர்கள் தடுமாறியபோது, அவர்தான் தொழில்காரராகப் பேசினார். தலைப்பக்கம் கொஞ்சம் உசத்து, கால்பக்கம் விடாதே, இப்போ திரும்பு, மெதுவா, மெதுவா என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே வண்டிவரை கொண்டுசேர்த்தார். எங்கும் இடிக்கவில்லை. மாடிவீட்டம்மாவைத் தவிர எல்லோரும் கூடவே போனார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது ஆறரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. மாடிவீட்டம்மா கூடத்தைக் கழுவிவிட்டிருந்தாள். ஜன்னல் முழுசாகத் திறந்து கிடந்ததில் வீடு யாருடைய வீடோ போலிருந்தது. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். தம்பி ஆட்களைக் கொண்டுவிடப் போயிருந்தான். அவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கால்கள் விண்விண் என்று தெறித்தன. வாசற்படிக்கு வந்தாள்.

படியில் கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். லாரி இன்னும் தெருவில் நின்றது. சங்கிலியைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். நீங்க உட்காருங்க என்று அவளும் மேல்படியில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் லாரியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கறதுக்கு இது நேரமில்லை அண்ணி" என்றார் அவர். "அந்தப் புதுசை வேணாம்னு சொல்லிடட்டுமா? அண்ணன் கையெழுத்துப் போட்டது நேத்துதான். சொன்னா கேட்டுப்பாங்க. பழசை வேணும்னா நான் ஓய்வா வந்து பார்க்கறேன். கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம்."

"பழசு இனிமே ஆகாது" என்றாள் அவள். "நைஞ்சுபோச்சு. நாளைக்கு வந்து கொண்டுபோயிடுங்க."

"புதுசு?"

"வேணாம்னு சொல்லாதீங்க. அவர் எடுத்தது. தம்பி ஓட்டட்டும்."

அவர் தலையாட்டினார். சங்கிலியைக் கையிலெடுத்தார், மறுபடி வைத்தார். கிளம்பறேன் என்று சொல்ல வாயெடுத்தவரை அவள் நிறுத்தினாள்.

"அது எம்மாம் பெருசு இருக்கும்?"

"எது அண்ணி?"

"அந்தப் புதுசு. பார்த்துக்கிட்டு இருந்தார்னு சொன்னீங்களே."

அதுவா என்று அவர் எழுந்து அவளுக்கு எதிரே தெருவில் நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்புயரத்தில் அகட்டிக் காட்டினார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் ஒரு சாண் அகட்டினார். "இவ்ளோதான். பழசைவிடச் சின்னது."

அவள் அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயிற்று. கிரேன்காரருக்குக் கை கடுக்க ஆரம்பித்தது. அவள் இன்னும் பார்த்து முடிக்காததால் அவர் கைகளை இறக்கவில்லை.